பழைய மின்சாதனங்கள்: உலோகத்துக்காக உடைக்கலாமா?

பழுதடைந்த சலவை இயந்திரத்தின் மோட்டாரில் செப்புக் கம்பி உண்டு. குளிர்சாதனப் பெட்டியில் இரும்பும் அலுமினியமும் உண்டு. தாயகத்தில் இவற்றைப் பிரித்துப் பழைய இரும்புக் கடையில் விற்பது வழமை. சுவிற்சர்லாந்தில் இவ்விடயத்துக்கெனத் தனி ஒழுங்குவிதி 1998 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் திருத்திய வடிவம் 2022 சனவரி 1 முதல் செல்லுபடியாகிறது.

கையளிக்கும் கடமை

பழைய மின்சாதனத்தை வீட்டுக் குப்பையுடன் போடுதல் தடைசெய்யப்பட்டுள்ளது. அதனை விற்பனையாளரிடமோ உரிய சேகரிப்பு நிலையத்திலோ ஒப்படைத்தல் வேண்டும். அவ்வகைச் சாதனங்களை விற்கும் கடை, புதிதாக எதுவும் வாங்காதவரிடமிருந்தும் அவற்றை இலவசமாக ஏற்கக் கடமைப்பட்டது. இது சலுகையன்று, பெரும்பாலான சாதனங்களின் விலையில் மீள்சுழற்சிக் கட்டணம் முன்கூட்டியே சேர்க்கப்பட்டுள்ளது.

உடைப்பதன் ஆபத்து

குளிர்சாதனப் பெட்டியின் குழாயை வெட்டினால் வாயு வெளியேறும். மிகப் பழையவற்றில் அது ஓசோன் படலத்தைச் சிதைப்பது. புதியவற்றில் பெரும்பாலும் எளிதில் தீப்பற்றுவது. நுண்ணலை அடுப்பின் மின்தேக்கியில், மின் இணைப்பைத் துண்டித்த பின்னரும், உயிராபத்தான மின்னூட்டம் எஞ்சியிருக்கக்கூடும். 1986இல் இந்நாட்டில் தடைசெய்யப்பட்ட பிசிபி என்னும் நச்சுப்பொருள், அதற்கு முன் செய்யப்பட்ட சாதனங்களில் இருக்கலாம். செம்பை எடுப்பதற்காக மின்கம்பியின் உறையை எரித்தால் டயொக்சின் உண்டாகும். கழிவைத் திறந்தவெளியில் எரிப்பதும் சட்டவிரோதமே.

கையளிக்கப்பட்ட சாதனத்தின் உலோகம் வீணாவதில்லை. நிபுணத்துவ நிறுவனங்கள் முதலில் நச்சுப் பாகங்களை அகற்றி, வாயுவை மூடிய அமைப்பில் உறிஞ்சியெடுத்து, பின்னரே இரும்பு, செம்பு, அலுமினியத்தை வேறுபிரிக்கின்றன.

எது அனுமதிக்கப்படுகிறது?

சமையற் பாத்திரம் போன்ற வெறும் உலோகப் பொருட்களை ‘அல்ட்மெட்டால்’ எனக் குறிக்கப்பட்ட கொள்கலனில் இடலாம். மின்கம்பியோ பற்றரியோ உள்ள எதனையும் அதில் இடலாகாது.

பிறரின் பழைய சாதனங்களைக் கழிவகற்றும் தொழிலாக ஏற்க விரும்புவோர் மாநில அரசின் அனுமதியைப் பெறுதல் வேண்டும். பழுதடைந்த சாதனம் சட்டத்தின் பார்வையில் கழிவு ஆகும். எனவே, உறவினருக்கு உதவும் நோக்கமாயினும், நடுவண் சுற்றுச்சூழல் அலுவலகத்தின் அனுமதியின்றி அதனைக் கொள்கலனில் இலங்கைக்கு அனுப்ப முடியாது. நாடுகளுக்கிடையே அபாயகரக் கழிவு கடத்தப்படுவதைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை 1989இல் பாசெல் நகரிலேயே நிறைவேற்றப்பட்டது.

கையளிக்குமுன் எளிதில் கழற்றக்கூடிய பற்றரியைத் தனியே எடுத்துவிடவும். கைத்தொலைபேசி, கணினி என்பவற்றில் உள்ள தனிப்பட்ட தரவுகளை அழித்துவிடவும்.