பாட்டுப் பெட்டிக்குள் ஓர் உலாவி

2006-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், சான் பிரான்சிஸ்கோ நகரத்துச் சிறு கம்பெனி ஒன்று, கணினியில் பாட்டுக் கேட்பதற்கென ஆக்கிய மென்பொருள் ஒன்றின் முதற்பதிப்பை, இது பூர்த்தியான சரக்கு அல்ல, இப்படியும் ஒன்று சாத்தியம் என்று காட்டுவதற்கான மாதிரி மட்டுமே என்ற முன்னெச்சரிக்கையோடு, விண்டோஸ் கணினி வைத்திருந்தவர்களின் பரிசீலனைக்கு விட்டது. ஸாங்பேர்ட் என்று அதற்குப் பெயர். கறுப்புப் பறவை ஒன்று அதற்குச் சின்னம். அதைச் செய்த கம்பெனியோ 'பயனியர்ஸ் ஆஃப் தி இன்எவிட்டபிள்' என்று தனக்குப் பெயர் சூட்டிக்கொண்டிருந்தது. தவிர்க்க முடியாமல் வரப்போகிற ஒன்றுக்குத் தாங்களே முன்னோடிகள் என்று பிரகடனம் செய்துகொண்டவர்களுக்குத் தன்னம்பிக்கை குறைவாக இருந்ததென்று யாரும் சொல்ல முடியாது. வரப்போவது எது என்பதில்தான் சிக்கல் இருந்தது.

அடுத்த ஏழாண்டுக் காலத்தில் இந்த மென்பொருளைப் பற்றி, அதை உபயோகித்தவர்கள் தெரிவித்த அபிப்பிராயங்களைச் சேர்த்து வைத்து நோக்கினால் ஒரு விசித்திரம் புலப்படுகிறது. புகழ்ந்தவர்களில் பெரும்பாலோர் அதை ஓர் உலாவியாகக் கருதிப் புகழ்ந்தார்கள். குறை கூறியவர்களில் பெரும்பாலோர் அதை ஒரு பாட்டுக் கருவியாகக் கருதிக் குறை கூறினார்கள். பல சமயங்களில் இரண்டு காரியத்தையும் ஒரே மனிதர் ஒரே மூச்சில் செய்தார்.

உலாவியை உள்ளடக்கிய பாட்டுக் கருவி என்ற யோசனை எங்கிருந்து பிறந்தது என்பதைத் தெரிந்துகொள்வதற்கு, அந்தக் கம்பெனியை ஆரம்பித்த ராப் லார்ட் என்பவரின் பூர்வ வரலாற்றைச் சிறிது அறிய வேண்டும். 1993-ஆம் ஆண்டில், கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸில், எந்த இசைத்தட்டுக் கம்பெனியோடும் ஒப்பந்தம் இல்லாத வித்துவான்களின் பாட்டுகளை இணையத்தின் வழியாக எவரும் பெற்றுக் கேட்கும்படி செய்த ஒரு களஞ்சியத்தை இரண்டு நண்பர்களோடு சேர்ந்து தொடங்கியவர் அவர். பின்னர், உலகமெங்கும் பரவிய வினாம்ப் கருவியை ஆக்கிய நல்சாஃப்ட் ஸ்தாபனத்திலும் பணிபுரிந்தவர். பாட்டு என்பது ஒரு கடைக்காரரின் அலமாரியில் மட்டும் இருப்பதன்று, இணையம் முழுவதும் சிதறிக் கிடப்பது என்ற எண்ணம் அவருக்குப் பழைய அனுபவத்திலிருந்தே வந்தது. ஆப்பிள் கம்பெனியார் 2003 ஏப்ரலில் ஐட்யூன்ஸ் கடையைத் திறந்து, அதே ஆண்டு அக்டோபரில் விண்டோஸ் கணினிகளுக்கும் ஐட்யூன்ஸ் பாட்டுக் கருவியைக் கொண்டுவந்தபோது, கடையும் கருவியும் ஒன்றாகப் பிணைந்தன. கருவிக்குள்ளிருந்து கடைக்குப் போகலாம், வேறெங்கும் போக முடியாது. தன்னை உண்டாக்கிய கம்பெனியின் பக்கங்களை மட்டுமே காட்டும் ஓர் உலாவியை எவராவது ஒப்புக்கொள்வார்களா, பாட்டு விஷயத்தில் மட்டும் அதை ஏன் ஒப்புக்கொள்கிறோம் என்பதே ராப் லார்ட் அக்காலத்தில் எழுப்பிய வாதத்தின் சாரம்.

அந்த வாதத்துக்கு உருக்கொடுக்க ஏற்ற கருவி அப்போது தயாராக இருந்தது. ஃபயர்பாக்ஸ் உலாவி 2004 நவம்பரில் வெளிவந்து, மைக்ரோசாஃப்டின் ஏகபோகத்தை அசைக்கத் தொடங்கியிருந்த சமயம் அது. ஃபயர்பாக்ஸின் அடியில் இருந்த மொஸில்லாவின் மூல நிரலை எவரும் எடுத்தாளலாம் என்ற அனுமதியும் இருந்தது. ஸாங்பேர்ட் அந்த அஸ்திவாரத்தின் மேலேயே எழுப்பப்பட்டது. ஆகையால் உலாவி என்பது அதற்கு வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டிய உறுப்பு அல்ல. உண்மையைச் சொன்னால் உலாவிதான் உடம்பு, பாட்டுதான் அதில் பின்னால் வந்து குடியேறியது. ஒலி எழுப்பும் பகுதிக்கு முதலில் வி.எல்.சி.யையும் பின்னர் ஜிஸ்ட்ரீமரையும் துணைக்கொண்டார்கள். அவையும் திறந்த மூல மென்பொருள்களே.

இனி, ஜனங்களின் பாராட்டைப் பெற்ற அம்சத்துக்கு வருவோம். சாதாரண உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்து அதிலுள்ள எம்.பி.3 பாட்டு ஒன்றைக் கேட்க விரும்புகிறவர், இணைப்பைச் சொடுக்கி, கோப்பை இறக்கிக்கொண்டு, அது எந்த அடைவில் போய் விழுந்தது என்று தேடிப்பிடித்து, பிறகு பாட்டுக் கருவியைத் திறந்து, அதற்கு அந்தக் கோப்பின் இருப்பிடத்தைக் காட்டி, இவ்வளவு சம்பிரமத்துக்கும் பின்னரே காதுக்கு விருந்தைப் பெறுவார். ஸாங்பேர்டிலோ, பக்கம் திறந்த மாத்திரத்தில், அதில் எத்தனை பாட்டுக் கோப்புகளுக்கு இணைப்பு இருக்கிறதோ அத்தனையையும் கருவி தானாகவே கண்டறிந்து, பக்கத்தின் அடியில் ஒரு பட்டியலாக விரித்துவிடும். வேண்டியதைச் சொடுக்கினால் பாடும். பிடித்திருந்தால் மற்றொரு சொடுக்கில் தன் நூலகத்துக்குள் சேர்த்துக்கொள்ளும். கிரேட்ஃபுல் டெட் முதலிய குழுக்களின் கச்சேரிப் பதிவுகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்த இன்டர்நெட் ஆர்க்கைவின் பக்கமாகட்டும், தாம் கண்டெடுத்த அபூர்வப் பாட்டுகளை நாள்தோறும் எழுதி வெளியிட்டுவந்த ரஸிகர் ஒருவரின் சொந்தப் பக்கமாகட்டும், யாரும் திட்டமிடாமலே அது ஒரு பாட்டுப் புத்தகமாக மாறிற்று.

இதை முதன்முதலாகக் கண்டவர்கள் அடைந்த உற்சாகத்தை மிகையென்று சொல்ல எனக்கு மனமில்லை. அக்காலத்தில் எம்.பி.3 கோப்புகளைப் பக்கத்தில் வைத்து, அவற்றைப் பற்றி அன்போடும் அறிவோடும் எழுதிய தனி மனிதர்கள் மேலைநாடுகளில் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். வானொலி நிலையங்கள் கைவிட்ட சங்கீதத்துக்கு அவர்களே புரவலர்களாக இருந்தார்கள். அவர்களுடைய எழுத்தைப் படித்துக்கொண்டே, அவர்கள் சிபாரிசு செய்த பாட்டை அதே சாளரத்தில் கேட்பது என்பது, படிப்பையும் கேள்வியையும் ஒன்றாக்கிய ஒரு புதிய சுகம். ஐட்யூன்ஸுக்கு மாற்றாக வந்தது என்று பலர் ஸாங்பேர்டைக் குறிப்பிட்டாலும், அந்த வர்ணனை அதன் சிறப்பைப் பாதி மறைத்துவிட்டது என்றே நினைக்கிறேன். ஐட்யூன்ஸால் செய்ய முடியாததை அது செய்தது. ஐட்யூன்ஸ் செய்த பலவற்றை அதனால் செய்ய முடியவில்லை.

2008-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி 1.0 பதிப்பு வெளிவந்தபோது இந்த வித்தியாசம் வெட்டவெளிச்சமாயிற்று. பாடுகிற கலைஞரைப் பற்றிய குறிப்பு, புகைப்படங்கள், செய்திகள், வீடியோக்கள் ஆகியவற்றை இணையத்தின் பல மூலைகளிலிருந்து திரட்டி, பாட்டு நடக்கும்போதே கீழே காட்டும் மாஷ்டேப் என்ற பலகம் அதில் இருந்தது. அருகிலுள்ள நகரங்களில் நடக்கவிருக்கும் கச்சேரிகளைத் தெரிவிக்கும் வசதி இருந்தது. ஃபயர்பாக்ஸைப் போலவே எவரும் எழுதிச் சேர்க்கத்தக்க நீட்சிகளும், இறகுகள் என்று பெயரிடப்பட்ட தோற்ற அலங்காரங்களும் இருந்தன. ஆனால் குறுந்தகட்டிலுள்ள பாட்டைக் கணினிக்குள் எடுத்துக்கொள்ளும் சாமானிய வசதி இல்லை. 'ஒரு பாடகரின் ஜாதகத்தையே காட்டுகிறாய், என் வீட்டிலுள்ள தகட்டை மட்டும் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறாயே' என்ற தோரணையில் எழுந்த மனத்தாங்கல் நியாயமானதே. கம்பெனியார் பிந்திய பதிப்புகளில் அந்தக் குறையை நீக்கினார்கள். ஆப்பிளின் ஐபாடுக்குப் பாட்டை மாற்றும் விஷயமோ அவர்கள் கையில் அவ்வளவாக இல்லை. 2007 செப்டம்பரில் வந்த புதிய ஐபாட்களில், பிற மென்பொருள்கள் எழுதும் பாட்டுப் பட்டியலை ஏற்காதபடி ஆப்பிள் ஒரு பூட்டை வைத்தது. வல்லுநர்கள் அதை விரைவிலேயே திறந்துவிட்டார்கள் என்றாலும், அடுத்த பூட்டு எப்போது வருமோ என்ற அச்சத்தோடு காலம் தள்ள வேண்டியிருந்தது. சாதாரண மனிதருக்கு இந்த வியாஜ்ஜியமெல்லாம் தெரியாது. தன் ஐபாட் ஒத்துழைக்கவில்லை என்றால் அவர் ஸாங்பேர்டையே நொந்துகொண்டார்.

எல்லாவற்றிலும் பெரிய புகார் கனத்தைப் பற்றியது. திறப்பதற்குத் தாமதம், ஆயிரக்கணக்கான பாட்டுகளைக் கொண்ட நூலகத்தை உள்ளே எடுக்கும்போது திணறல், நினைவகத்தை ஏராளமாக விழுங்குதல் ஆகியவற்றைப் பற்றிய முறையீடு, பதிப்புக்குப் பதிப்பு குறைந்தாலும் மறையவே இல்லை. விண்டோஸில் ஐட்யூன்ஸ் கனமாக இருக்கிறதென்று சலித்து வந்தவர்களே அநேகர். அவர்கள் தேடிவந்தது இலேசான ஒன்றை. கிடைத்ததோ, ஒரு பாட்டைப் போடுவதற்கு ஒரு முழு உலாவியைக் கிளப்பும் ஏற்பாடு. கடைத்தெருவுக்குப் போய்வரத் தேரை வடம் பிடித்தது போலாயிற்று. வினாம்ப்பின் ஒல்லியான பெட்டியிலும், 2002 முதல் வந்துகொண்டிருந்த ஃபூபார்2000-இன் துறவிக் கோலத்திலும் பழகியவர்களுக்கு இது சகிக்கவில்லை.

கனம் என்ற சொல்லால் அவர்கள் குறித்தது நினைவகத்தை மட்டும்தானா என்பது யோசிக்கத்தக்கது. கணினியில் பாட்டுக் கேட்கிறவர் பெரும்பாலும் பாட்டுக் கேட்பதற்காகக் கணினிமுன் உட்காருகிறவர் அல்லர். கணக்கு எழுதுகிறவராகவோ, படம் வரைகிறவராகவோ, நிரல் எழுதுகிறவராகவோ இருந்துகொண்டு, பின்னணியில் பாட்டை ஓடவிடுகிறவர். அவருக்குப் பாட்டுக் கருவியின் தலையாய லட்சணம், ஒருமுறை முடுக்கிவிட்டால் பிறகு தன் இருப்பை மறக்கும்படி இருப்பது. உலாவியின் லட்சணமோ இதற்கு நேர்விரோதமானது: அது கண்ணையும் கையையும் கவனத்தையும் ஓயாமல் கோருவது. காதுக்குரிய கருவியையும் கண்ணுக்குரிய கருவியையும் ஒரே சாளரத்தில் குடிவைத்தபோது, ஒன்றை மூடினால் மற்றொன்றும் மூடிக்கொண்டது. பத்துப் பன்னிரண்டு தாவல்களைத் திறந்து உலாவியபின் சலிப்போடு சாளரத்தைச் சாத்தினால் பாட்டும் நின்றது. மேலும், வங்கிக்கும் அஞ்சலுக்கும் செய்திக்கும் ஏற்கெனவே ஃபயர்பாக்ஸை வைத்திருந்த ஒருவர், பாட்டுக்கென்று இரண்டாவது உலாவி ஒன்றை, அதிலும் ஃபயர்பாக்ஸைவிடச் சற்றுப் பழைய இயந்திரத்தோடு கூடிய ஒன்றை, ஏன் பராமரிக்க வேண்டும் என்று கேட்டால் அதற்குத் திருப்தியான சமாதானம் கிடையாது. மாஷ்டேப்பின் படங்களைப் பார்த்து முதல் வாரத்தில் வியந்தவர்களில் எத்தனையோ பேர் பின்னர் அந்தப் பலகத்தை மறைத்து வைத்துவிட்டே பாட்டுக் கேட்டார்கள்.

லினக்ஸ்காரர்களின் அபிப்பிராயம் தனி அத்தியாயம். ஸாங்பேர்ட், மூல நிரலை எவரும் எடுத்து மாற்றி வெளியிடலாம் என்னும் ஜி.பி.எல். உரிமத்தின் கீழ் வந்தது; அதன் ஒலிப்பொறியான ஜிஸ்ட்ரீமரோ லினக்ஸ் உலகத்திலேயே வளர்ந்தது. பிழைகளைக் கண்டு சொன்னவர்களிலும், நீட்சிகள் எழுதியவர்களிலும், தத்தம் பாஷைகளில் மொழிபெயர்த்துக் கொடுத்தவர்களிலும் அவர்கள் நிறைய இருந்தார்கள். காசு கொடுக்காமல் பெற்ற மென்பொருளுக்கு அவர்கள் செலுத்திய விலை அதுவே. 2010 ஏப்ரலில், ஆள்பலமும் பொருள்பலமும் போதாமையால் இனி விண்டோஸிலும் மேக்கிலும் மட்டும் கருத்தைச் செலுத்தப் போவதாகவும், லினக்ஸ் பதிப்பை நிறுத்துவதாகவும் கம்பெனி அறிவித்தபோது எழுந்த கசப்பு எளிதில் ஆறவில்லை. ஸெக்வோயா போன்ற முதலீட்டாளர்களின் பணத்தில் நடந்த கம்பெனி, ஆட்கள் அதிகமுள்ள இடத்துக்குத்தான் போகும் என்பது லௌகிக நியாயம்; உழைத்துக் கொடுத்தவனை வாசலில் நிறுத்திவிட்டுப் போவது எந்த நியாயம் என்பது அவர்களுடைய கேள்வி. இரண்டாவது கட்சியின் பக்கமே என் மனம் சாய்கிறது என்பதை மறைப்பானேன்? ஆனால் ஜி.பி.எல். உரிமத்தின் மகிமை இவ்விடத்தில்தான் வெளிப்பட்டது. மனத்தாங்கல் கொண்டவர்களில் சிலர் மூல நிரலை எடுத்துக்கொண்டு தனிக்கிளை ஒன்றைத் தொடங்கி, அதற்கு நைட்டிங்கேல் என்று இன்னொரு பாடும் பறவையின் பெயரையே வைத்தார்கள்.

இதற்கிடையில் சங்கீத உலகத்தின் தரையே நகர்ந்துகொண்டிருந்தது. ஸாங்பேர்ட் 1.0 வெளிவருவதற்கு ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு முன், 2008 அக்டோபரில், ஐரோப்பாவின் சில நாடுகளில் ஸ்பாட்டிஃபை தொடங்கியது. 2011 ஜூலையில் அமெரிக்காவுக்கும் வந்து சேர்ந்தது. பாட்டுகளைச் சேகரித்து, பெயர் திருத்தி, அட்டைப்படம் ஒட்டி, நட்சத்திரம் போட்டு அடுக்கிவைக்கும் நூலகம் என்ற ஏற்பாடே பெரும்பாலோருக்கு அநாவசியமாயிற்று. தம் பக்கத்தில் எம்.பி.3 வைத்து எழுதிய ரஸிகர்களும், காப்புரிமைத் தொல்லையாலும் சலிப்பாலும், ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். பக்கங்களிலுள்ள பாட்டுகளைக் கண்டறியும் ஆற்றல் ஸாங்பேர்டுக்கு இருந்தது. கண்டறிவதற்குப் பக்கங்கள் குறைந்துபோயின. கம்பெனி கைப்பேசிச் செயலிகளிலும் முயன்று பார்த்தது. 2013 ஜூன் 28-ஆம் தேதியோடு கதவைச் சாத்தியது.

நைட்டிங்கேல் அதன்பின் சில காலம் தொண்டர்களின் கைங்கரியத்தால் மூச்சுவிட்டது. அதற்கும் ஒரு பழைய வினை இருந்தது: அஸ்திவாரமான மொஸில்லா இயந்திரத்தின் பழம்பதிப்பையே அது பற்றிக்கொண்டிருந்தது, புதிய பதிப்புக்கு மாற்றுவது மாளிகையைப் பெயர்த்து வேறு மனையில் வைக்கிற வேலை. 2017 நவம்பரில் ஃபயர்பாக்ஸே தன் பழைய நீட்சி முறையைக் கைவிட்டபோது அந்த வேலைக்கு அர்த்தமும் குறைந்தது.

இன்று ஸ்பாட்டிஃபையின் கணினிச் செயலியைத் திறந்து பார்க்கிறவருக்கு வெளித்தோற்றத்தில் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அதன் உடம்பும் உலாவிதான். கூகுளின் குரோமியத்தை உள்ளே வைத்து, அதன்மேல்தான் திரையிலுள்ள படங்களையும் பட்டியல்களையும் அது வரைந்து காட்டுகிறது. நினைவகத்தை விழுங்குகிறது, திறக்கத் தாமதிக்கிறது என்று அதை உபயோகிப்பவர்கள் கூறும் குறைகள் பலவும் ஸாங்பேர்டைப் பற்றிப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கூறப்பட்டவையே. முகவரி எழுதும் கட்டம் மட்டும் அதில் இல்லை; அதனால் அந்த உலாவியைக் கொண்டு வேறு எந்தப் பக்கத்துக்கும் போக முடியாது; அதைக் குறையென்று சொல்பவர்களும் அதிகமில்லை.