கண்முன் மிதக்கும் கரும்புள்ளிகள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாட் காலை, கல்முனைக் கடற்கரையில் யாமும் உடனாசிரியர் ஒருவரும் உலாவிக்கொண்டிருந்தோம். கிழக்கு வானம் நன்கு வெளுத்திருந்தது. அவ்வொளியிடையே நுளம்பொன்று எம் கண்முன் பறப்பதுபோலத் தோன்றியது. கையை வீசினோம், அஃது அகலவில்லை. பார்வையைத் திருப்பினோம், அதுவும் உடன் திரும்பி, சற்றுப் பிந்தி வந்து நின்றது. மருதமுனையைச் சேர்ந்த எம் நண்பர் நகைத்து, "என்ன சேர், இல்லாத நுளம்பை அடிக்கிறீர்கள்?" என்றார். அந்நகைப்பின் பின்விளைவே இக்கட்டுரையை எழுத எம்மைத் தூண்டியது.

வைத்தியரை நாடினோம். அவர் சொட்டுமருந்து விட்டுக் கண்மணியை விரியச் செய்து, உள்ளே நெடுநேரம் ஆராய்ந்தபின் இரண்டு செய்திகளைக் கூறினார். முதலாவது: "இப்போது அஞ்சுதற்கு யாதுமில்லை." இரண்டாவது: "இவை திடீரெனப் பெருகினாலோ, மின்னல் தோன்றினாலோ, அன்றே வாருங்கள்." யாம் நண்பருக்கு முதலாவதை மாத்திரம் சொன்னோம்.

அப்புள்ளிகள் எவ்வாறு உண்டாகின்றன? கண்ணின் முன்புறத்தே வில்லையும், பின்சுவரிலே ஒளியை உணரும் விழித்திரையும் உள. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அறையை, இளநுங்குபோலத் தெளிந்த ஒரு பொருள் நிரப்பி நிற்கின்றது. இதனை விஞ்ஞான நூலார் கண்ணாடியுடனீர் என்பர். ஏறத்தாழ 4 மில்லிலீற்றர் அளவினதாகிய இதில் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் நீரே. எஞ்சியதில் மிக நுண்ணிய நார்களும் அடங்கும். வயது ஏற ஏற இக்களி நீர்த்துச் சுருங்குகின்றது. நார்கள் ஒன்றோடொன்று திரண்டு முடிச்சாகின்றன. அம்முடிச்சுகளின் நிழல் விழித்திரையில் விழும்போது புள்ளியாகவும், நூலிழையாகவும், சிலந்திவலையாகவும் நமக்குத் தோன்றுகின்றது. ஆகவே, நாம் காண்பது வெளியே பறக்கும் பொருளன்று; நம் கண்ணுள்ளே மிதக்கும் பொருளின் நிழலே. வெளிறிய வானத்தையோ வெள்ளைத் தாளையோ நோக்கும்போது அது தெளிவாய்த் தெரிவதும், கண் அசையுமிடத்து அது பிந்தி அசைவதும் இக்காரணத்தாலேயே. மேனாட்டு வைத்தியரும் இதற்கு இலத்தீன் மொழியிற் 'பறக்கும் ஈக்கள்' என்றே பெயரிட்டனர்.

ஐம்பது வயதைக் கடந்தோருக்கு இது பெரும்பாலும் இயல்பு. கிட்டப்பார்வைக்காரர்க்கும், கண்புரைச் சத்திரசிகிச்சை பெற்றோர்க்கும் முன்னதாகவே வரலாம். நெடுநாளாக மாறாதிருக்கும் ஓரிரு புள்ளிகளுக்கு மருந்து வேண்டியதில்லை. மனம் நாளடைவில் அவற்றைப் பாராட்டாது விட்டுவிடும்.

ஆயின் அபாயம் எங்குளது? சுருங்கும் களி ஒருநாள் விழித்திரையினின்றும் விலகுகின்றது. பலர்க்கு இது தீங்கின்றி நிகழும். சிலர்க்கோ, களி ஓரிடத்தில் இறுகப் பற்றியிருந்து விழித்திரையை இழுக்கும். அவ்விழுப்பே இருளிலும் மின்னற்கீற்றாய்த் தோன்றும். இழுப்பு மிகுமாயின் விழித்திரை கிழியும். நுண்குழாய் அறுந்து குருதி கசியின் கரும்புள்ளிகள் மழைபோற் சொரியும். கிழிசலின் வழியே நீர் உட்புகுந்தால், சுவரிற் பூசிய சாந்து ஈரத்தாற் பெயர்வதுபோல விழித்திரை பெயர்ந்துவிடும். அப்பொழுது பார்வையின் ஒரு பக்கத்தே கருந்திரை படரும். இவற்றில் எதுவும் நோவைத் தருவதில்லை. நோவில்லாமையே மக்களை ஏமாற்றுகின்றது.

எம் நண்பருக்கு நிகழ்ந்தது இதுவே. கடற்கரைச் சம்பவத்துக்கு இரண்டாண்டின் பின், தவணைப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த அவருக்கு, இடக்கண்ணில் மின்னல் வெட்டியது. மறுநாள் தறியிலே அறுந்த நூல்கள் பறப்பதுபோற் பல இழைகள் தோன்றின. "சேருக்கு வந்த நுளம்புதானே" என்று தம்மைத் தேற்றிக்கொண்டு, விடைத்தாள்கள் முடியட்டுமென இரண்டு கிழமை பொறுத்தார். அதற்குள் மூக்கின் பக்கமிருந்து கருந்திரை படர்ந்து நடுப்பார்வையையும் மூடியது. கொழும்பிற் சத்திரசிகிச்சை செய்து விழித்திரையை மீளப் பொருத்தினர். எனினும், அக்கண்ணால் அவர் இன்று எழுத்தை வாசிக்க இயலாது. அவர் எம்மை ஒருபோதும் குறைகூறியதில்லை. யாம் சொல்லாது விட்ட பாதி எம் நெஞ்சை விட்டு அகலவுமில்லை.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், சுவிற்சர்லாந்தின் லோசான் நகரத்து வைத்தியர் ஜூல் கோனன், கிழிசலைக் கண்டு அதனை அடைத்தாற் பெயர்ந்த விழித்திரையை மீட்கலாமெனக் காட்டினார். அதற்கு முன் விழித்திரை பெயர்ந்தோர் அக்கண்ணின் பார்வையைப் பெரும்பாலும் இழந்தே போயினர். இக்காலத்தில், கிழிசல் மட்டும் உள்ளபோது வந்தால், லேசர் ஒளியால் அதனைச் சூழ வேலியிட்டு அன்றே வீடு திரும்பலாம். விழித்திரை பெயர்ந்தபின் சத்திரசிகிச்சை இன்றியமையாதது. நடுப்பார்வை மூடுமுன் வருவதும் மூடியபின் வருவதும் ஒன்றல்ல.

எனவே, பின்வரும் குறிகளுள் ஒன்று தோன்றினும் அன்றே கண்வைத்தியரை அடைதல் வேண்டும்: புள்ளிகள் திடீரெனத் தோன்றுதல் அல்லது பெருகுதல், மின்னற்கீற்று, ஓரத்திலிருந்து நிழலோ திரையோ படர்தல், பார்வை சடுதியாய் மங்குதல், கண்ணில் அடிபட்டபின் புள்ளி காணுதல். நீரிழிவுடையோர்க்குக் கண்ணுள் குருதி கசியக்கூடுமாதலால், அவர் இன்னும் விழிப்பாயிருத்தல் வேண்டும். குறியொன்றும் இல்லாதபோதும் ஆண்டுதோறும் விழித்திரையைக் காட்டுதல் நன்று. ஒரு கண்ணின் குறையை மற்றைக் கண் மறைக்குமாதலின், ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்க்க.

மூக்குக்கண்ணாடிக் கடையில் எழுத்துப்பலகையை வாசிப்பது இதற்குப் போதாது. கண்மணியை விரித்து விழித்திரையை நோக்குதல் வேண்டும். நம் பகுதியார்க்கு மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையும், மேலும் தேவைப்படின் கொழும்புத் தேசியக் கண் வைத்தியசாலையும் உள. சொட்டுமருந்து விட்டபின் சில மணிநேரம் பார்வை மங்குமாதலால், மோட்டார்ச் சைக்கிளைத் தாமே செலுத்தாது துணையொருவருடன் செல்க. தாய்ப்பாலும் எண்ணெயும் கண்ணில் விடுதல் வேண்டா. அவை விழித்திரையைச் சென்றடையா. கண்ணின் மேற்புறத்தே புண்ணையும் உண்டாக்கலாம்.

'கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம்' என்பது நாமெல்லாம் வகுப்பறையில் விளக்கிய பழமொழி. எம்முடன் கற்றோரிற் பலர் இன்று ஐம்பதை அணுகுகின்றனர். மாணவர்க்கோ அவ்வயதுப் பெற்றோர் உளர். இதனை வாசிப்போர் தம் வீட்டாருக்கு எடுத்துரைக்குமிடத்து, எம்மைப்போற் பாதியுடன் நிறுத்தாது, இரண்டு பாதியையும் சொல்வாராக.