நாட்டிற்குப் பெயரிடும் உரிமை



விருதுநகரை அடுத்த சூலக்கரை என் ஊர். நெடுங்காலம் ஆசிரியப் பணி புரிந்து, தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வரலாற்றுப் பாடம் நடத்துங்கால் மாணவர் என்னிடம் பலமுறை எழுப்பிய வினா ஒன்று உண்டு. “ஐயா, ஒரு நாட்டின் பெயரை மாற்றுவதால் யாருக்கு என்ன பயன்? பெயர் மாறினால் பசி தீர்ந்துவிடுமா?” என்பதே அது. நியாயமான வினாதான். அதற்கு விடை காண, முதலில் சற்றுத் தொலைவிலுள்ள நாடுகளைப் பார்த்துவிட்டு, பிறகு நம் ஊருக்குத் திரும்புவோம்.

அமெரிக்கக் கண்டங்களில் ஸ்பானிய மொழி வழங்கும் நாடுகள் பல. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் அவை ஸ்பெயின் மன்னரின் ஆட்சியில் இருந்தன. ஆண்டவர்கள் தங்கள் நாட்டு நினைவாகவே அந்நிலங்களுக்குப் பெயர் சூட்டினர். இன்றைய மெக்சிகோ அன்று ‘புதிய ஸ்பெயின்’ எனப்பட்டது. இன்றைய கொலம்பியா ‘புதிய கிரனடா’ எனப்பட்டது. கிரனடா என்பது ஸ்பெயினில் உள்ள ஒரு நகரம். பிறந்த மண்ணில் வாழ்ந்துகொண்டே பிறர் ஊரின் பெயரைச் சுமந்து நின்றனர் அம்மக்கள்.

விடுதலை வந்ததும் அவர்கள் கைவைத்த செயல்களுள் பெயர் மாற்றமும் ஒன்று. 1821-இல் விடுதலை பெற்ற புதிய ஸ்பெயின், ஸ்பானியர் வருமுன் அங்கே அரசாண்ட மெஷீக்கா மக்களின் பெயரை ஏற்று மெக்சிகோ ஆயிற்று. ‘மேல் பெரு’ என வழங்கிய நிலம் 1825-இல் தனிக் குடியரசாகி, விடுதலை வீரர் சிமோன் பொலீவாரின் பெயரால் பொலிவியா ஆயிற்று. ‘எங்களை நாங்களே ஆள்வோம்’ என்று சொன்னவர்கள், ‘எங்களுக்கு நாங்களே பெயரிடுவோம்’ என்றும் சொன்னார்கள். இரண்டும் ஒரே உரிமையின் இரு கூறுகள்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். ஆங்கிலேயர் வகுத்த மதராஸ் மாகாணத்தில் தமிழர், தெலுங்கர், மலையாளிகள், கன்னடர் ஆகிய நால்வகை மொழியினரும் இருந்தனர். தலைநகரின் பெயரே மாகாணத்தின் பெயராகவும் வழங்கிற்று. தெலுங்கர்க்குத் தனி மாநிலம் வேண்டி உண்ணாநோன்பிருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15-இல் உயிர் நீத்தார். 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, எஞ்சிய பகுதி பெரும்பாலும் தமிழ் வழங்கும் நிலமே. ஆயினும் அதன் பெயர் ‘மதராஸ் மாநிலம்’ என்றே நின்றது.

இதனை முன்னுணர்ந்து உயிரையே பணயம் வைத்தவர் நம் பகுதியைச் சேர்ந்த சங்கரலிங்கனார். 1956 ஜூலை 27-இல் அவர் விருதுநகரில் உண்ணாநோன்பு தொடங்கினார். தேசபந்து திடலில் அவர் படுத்திருந்த இடம் நாடி வந்து, பல கட்சித் தலைவர்களும் நோன்பைக் கைவிடுமாறு வேண்டினர். அவர் இசையவில்லை. எழுபது நாட்களுக்கு மேல் நோன்பிருந்து, அக்டோபர் 13-இல் மதுரை மருத்துவமனையில் காலமானார்.

அதன் பின்னரும் பெயர் உடனே வந்துவிடவில்லை. 1961-இல் தமிழில் எழுதுங்கால் மட்டும் ‘தமிழ்நாடு’ என வழங்க மாநில அரசு இசைந்தது. ஆங்கிலத்தில் ‘மதராஸ்’ நீடித்தது. பெயர் மாற்றத்திற்காக பூபேஷ் குப்தா கொணர்ந்த மசோதா மாநிலங்களவையில் விவாதத்திற்கு வந்தபோது, ‘பெயரை மாற்றி நீங்கள் பெறப்போவது என்ன?’ என்ற கேள்வி அங்கும் எழுந்தது; என் மாணவர் கேட்ட அதே கேள்வி! அப்போது உறுப்பினராயிருந்த அண்ணாதுரை, நாடாளுமன்ற அவைகளுக்கு லோக்சபா, ராஜ்யசபா என்று பெயரிட்டு நீங்கள் பெற்றது என்னவோ, அதுவே எங்களுக்கும் என்னும் கருத்துப்பட விடை பகர்ந்தார். அம்மசோதா நிறைவேறவில்லை.

மாநிலத்தின் பெயரை மாற்றும் அதிகாரத்தை அரசியலமைப்பின் 3-ஆம் பிரிவு நாடாளுமன்றத்திற்கே தந்துள்ளது. ஆதலின் 1967 ஜூலை 18-இல் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் இயற்றியது. 1968-இல் நாடாளுமன்றம் சட்டம் செய்தது. 1969 ஜனவரி 14, பொங்கல் நன்னாளில், ‘தமிழ்நாடு’ நடைமுறைக்கு வந்தது. சங்கரலிங்கனார் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டிருந்தன.

பெயர் கிடைத்துவிட்டது, பணி முடிந்ததா? இங்கேதான் நாம் ஆழ்ந்து சிந்தித்தல் வேண்டும். பொலிவியாவை மீண்டும் பாருங்கள். விடுதலைக்குப் பின்னரும் ஆட்சி ஸ்பானிய மொழி பேசிய சிலரிடமே தங்கிற்று. அய்மாரா, கெச்சுவா முதலிய மொழிகளைப் பேசிய தொல்குடி மக்கள் புதிய பெயருக்குள் இருந்தும் இல்லாதவராய் வாழ்ந்தனர். 2009-ஆம் ஆண்டின் அரசியலமைப்புதான் அந்நாட்டைப் பல்தேசிய அரசு என்று அறிவித்து, தொல்குடியினரின் 36 மொழிகளுக்கும் ஸ்பானியத்தோடு ஆட்சிமொழித் தகுதி அளித்தது. பெயரிடுவது ஒரு நாள் வேலை. அப்பெயருக்குள் எல்லாரையும் அமர்த்துவது பல தலைமுறை வேலை.

நம் மாவட்டமும் இதற்கு விலக்கன்று. இராசபாளையம், சாத்தூர், சிவகாசிப் பக்கங்களில் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் எத்தனையோ உள்ளன. அப்பிள்ளைகள் என் வகுப்பில் தமிழ்ப் பாடத்தில் முதல் மதிப்பெண் பெற்றதும் உண்டு. தமிழ்நாடு என்னும் பெயர் அவர்களுக்கும் உரியது. அவர்களுள் ஒருவரேனும் ‘இது என் பெயரன்று’ என்று எண்ணும்படி நாம் நடந்துகொள்வோமானால், குறை பெயரில் இல்லை, நம்மில்தான் உள்ளது.

சங்கரலிங்கனார் இதனை அறிந்திருந்தார் என்றே எண்ணுகிறேன். அவர் முன்வைத்த கோரிக்கைகள் பன்னிரண்டு. பெயர் மாற்றம் அவற்றுள் ஒன்று. இரயிலில் வகுப்பு வேறுபாடின்றி எல்லாரும் ஒன்றாகப் பயணம் செய்தல், ஆட்சியாளர் கதர் உடுத்தல், நாடெங்கும் மதுவிலக்கு ஆகியனவும் அப்பட்டியலில் உண்டு. நாட்டின் பெயரைக் கேட்டவரே, அந்நாட்டில் ஏழையும் செல்வரும் ஒரே இருக்கையில் அமர வேண்டும் என்றும் கேட்டார்.

‘பெயர் மாறினால் பசி தீருமா?’ என்ற வினாவிற்கு என் விடை இதுதான். பெயர் பசியைத் தீர்க்காது. ஆனால், தன் பெயரைத் தானே சொல்லும் உரிமை பெற்ற மக்களுக்கே, தங்கள் பசியைப் பற்றி ஆட்சியாளரை வினவும் துணிவும் பிறக்கிறது. பெயரை நம் முன்னோர் பெற்றுத் தந்துவிட்டனர். மற்றப் பதினொரு கோரிக்கைகளையும் தேடிப் படித்து, எவை நிறைவேறின, எவை நிறைவேறவில்லை என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். அக்கணக்கு உங்கள் தலைமுறைக்கு உரியது.