பொடக்காளி டாக்கீஸ்

முன்வாசல் வேண்டாம், இப்படி மாட்டுக் கொட்டகையைச் சுற்றிப் பின்பக்கமாக வாருங்கள். சாணியைப் பார்த்து மிதியுங்கள். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்பு வீடு இது, என் தோழியுடையது. இன்றிரவு ஏழரைக்கு இந்தப் பொடக்காளியில், அதாவது புழக்கடையில், ‘காதலிக்க நேரமில்லை’ படம். இப்போது மணி நாலுதான் ஆகிறது. ஜனம் வருவதற்குள் உள்ளே புகுந்து எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்துவிடலாம் என்று உங்களையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்!

அதோ, இரண்டு தென்னைகளுக்கு நடுவே துணி காயப்போடும் கொடிக்கயிறு தெரிகிறதா? அதுதான் நம் தியேட்டர். திரை என்பது டபுள் காட் வெள்ளைப் போர்வை. பீரோவை விட்டு வெளியே வராத அந்த நல்ல போர்வையை வீட்டுப் பாட்டி அம்மாயியிடம் வாங்குவதற்கே காலையில் பெரிய பேச்சுவார்த்தை நடந்ததாம். “கறை பட்டுச்சுன்னா பாத்துக்கோங்க” என்று தோழியைப் பார்த்துச் சொன்னாலும், எச்சரிக்கை எங்கள் எல்லாருக்கும்தான். கீழ் ஓரத்து மடிப்பைத் தைத்து அதற்குள் ஒரு மூங்கில் கழியைச் செருகியிருக்கிறார்கள், காற்றில் பறக்காமல் இருக்க. அதற்கும் மேல் பாரம் வேண்டும் என்று தோழியின் தம்பி இரண்டு செங்கல்லைக் கட்டித் தொங்கவிடுகிறான். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. இன்றைக்கு அவன் பெயர் ‘ஆப்பரேட்டர்’. வேறு பெயரில் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஜமக்காளம் விரிக்கும் இடத்தை முடிவு செய்வது தாத்தா அப்புச்சி. அண்ணாந்து தென்னங்குலையைப் பார்க்கிறார், கைத்தடியால் தரையில் கோடு கிழிக்கிறார். “இந்தக் கோட்டுக்கு அக்கட்டால ஒருத்தரும் உக்காரப்படாது. தேங்கா மண்டைல உழுந்தா அப்பறம் நம்ம கதையத்தான் படமா எடுப்பாங்க.” கோட்டுக்கு இப்பால் பவானி ஜமக்காளம், பின்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓரமாகப் பெரியவருக்கு ஒரு கயிற்றுக் கட்டில். பேரன் நோட்டுத் தாளைக் கிழித்து டிக்கெட் எழுதிக்கொண்டிருக்கிறான்: தரை, சேர், கட்டில். கட்டில் டிக்கெட் ஒன்றே ஒன்றுதான். அதற்கு அவன் வைத்திருக்கும் விலையைக் கேட்டு அப்புச்சி தரையில் உட்கார்ந்துகொள்வதாகச் சொல்லிவிட்டார்.

அடுப்படிப் பக்கம் எட்டிப் பாருங்கள், ஆனால் உள்ளே போகாதீர்கள், அனல். வாணலியில் கச்சாயம் உப்பிக்கொண்டிருக்கிறது. பக்கத்து அடுப்பில் மூடியைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது மக்காச்சோளம். “இவங்க படம் பாக்க வாராங்களா, திங்க வாராங்களா?” என்று முந்தானையால் நெற்றியைத் துடைத்தபடி அம்மாயி முணுமுணுக்கிறார். கையோ இன்னொரு கச்சாயத்தை என் உள்ளங்கையில் வைக்கிறது. சூடு, விரலெல்லாம் எண்ணெய். போர்வை இருக்கும் திசைக்கே போகக்கூடாது என்று உத்தரவு.

ஆறரைக்குச் சூரியன் இறங்கியும் வானம் வெளுப்பாகவே கிடக்கிறது. இருட்டும்வரை ஆப்பரேட்டருக்கு நிலைகொள்ளவில்லை. ஆட்டுக்கல் மேல் ஸ்டூல், ஸ்டூல் மேல் புரொஜெக்டர். வெள்ளைச் சதுரம் விழுகிறது, ஆனால் ஒரு பக்கம் பெருத்து மறுபக்கம் சிறுத்து. மூலைக்கு முட்டுக் கொடுக்கக் கிடைத்தது எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகம். “இந்தப் புக்கு இன்னைக்குத்தான் மொதல் தடவ உபயோகப்படுது!” என்கிறான் பேரன். ஜங்ஷன் பாக்ஸின் ஒயர் எட்டவில்லை என்று ஆப்பரேட்டர் அலுத்துக்கொள்ள, தோழி விடவில்லை. “1905-ல திருச்சி ரயில்வேல வேல பாத்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரர்கிட்ட புரொஜெக்டர வாங்கிக் கூடாரத்தத் தூக்கிட்டு ஊர் ஊராப் போயிருக்காரு. அப்பறம் 1914-ல கோயமுத்தூர்ல வெரைட்டி ஹாலே கட்டிட்டாரு. உனக்கு ஒரு ஒயருக்கு இந்தப் பாடு!” பதில் வரவில்லை, ஆனால் ஒயர் வந்துவிட்டது, பம்புசெட் ரூமிலிருந்து.

இனி சத்தப் பரிசோதனை. எனக்குப் பிடித்த கட்டம் இதுதான். புளூடூத் ஸ்பீக்கரில் போட்டால் நாகேஷ் வாயை மூடிய பிறகு குரல் வருகிறது! பாலையாவுக்கு அவர் பேய்ப் படக் கதை சொல்லும் காட்சியைத்தான் வேண்டுமென்றே ஓட்டிப் பார்க்கிறார்கள். முகம் பயந்து முடித்துவிட்டது, ஊளை பின்னால் வருகிறது. ஜமக்காளத்தில் உருண்டு சிரித்தோம். “இப்படியே ஓட்டுங் மாமா, இதுதான் நல்லாருக்குது” என்று பேரன் கெஞ்சியும் ஆப்பரேட்டர் மசியவில்லை. ஸ்பீக்கரில் ஒயரைச் சொருகியதும் உதடும் குரலும் ராசியாகிவிட்டன. கூண்டுக்குள் கோழிகள், இன்னும் விடியவில்லையே, இது என்ன வெளிச்சம் என்று குழம்பிக் கொக்கரிக்கின்றன. கூண்டின் மேல் ஒரு சாக்கு போர்த்தப்படுகிறது.

ஏழரை. பக்கத்துத் தோப்புக்காரர்கள் டார்ச்சோடு வந்து கோட்டுக்கு இப்பால் அடங்குகிறார்கள். 1964-இல் ஸ்ரீதர் எடுத்த படம், வண்ணம் இன்னும் கண்ணைப் பறிக்கிறது. நாம் அங்கே உட்கார வேண்டாம், இப்படிப் புரொஜெக்டர் பக்கம் வந்து நில்லுங்கள். கொசுவர்த்திப் புகை ஒளிக்கற்றைக்குள் சுருண்டு நெளிகிறது, அதில் பூச்சிகள் தங்கத் துகளாய்ச் சுழல்கின்றன. காற்று வந்தால் பாலையாவின் தொப்பை நிஜமாகவே முன்னுக்கு வருகிறது! ஆப்பரேட்டர் திரைக்குப் பின்னால் குனிந்து ஓடி மூங்கில் கழியைக் காலால் மிதித்துக்கொள்கிறான். முன்னால் கூட்டம் சிரிக்கிறது. பின்னால் ஒற்றைக் காலில் ஒருவன் கொசுக்கடி வாங்கிக்கொண்டு நிற்பது யாருக்குத் தெரியும்? ஆழியாறு திரையில் வந்ததும் அப்புச்சி நிமிர்கிறார். “நம்மூரு! நம்மூரு!” கட்டிலில் இருந்துதான். டிக்கெட் காசு கடைசிவரை கொடுக்கவில்லை.

இடைவேளைக்குப் பேரன் தாம்பாளத்தைக் கரண்டியால் அடித்து மணி கொடுக்கிறான். கோழிகள் மறுபடி ஆரம்பிக்கின்றன.

படம் முடிந்து எல்லாரும் செருப்பைத் தேடிக் கிளம்பிய பிறகு இருங்கள், உடனே போய்விடாதீர்கள். புரொஜெக்டர் ஆறும்வரை அதன் விசிறி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அம்மாயி கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போர்வையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறார். கீழ் மூலையில் தெளிவாக ஐந்து எண்ணெய் விரல்.

“இத ஆருங் தொட்டது?”

ஆப்பரேட்டர் பம்புசெட் ரூமுக்கு ஒயரை வைக்கப் போய்விட்டான். அப்புச்சிக்குத் திடீர்த் தூக்கம். நாமும் வந்த வழியே, மாட்டுக் கொட்டகையைச் சுற்றி, கொஞ்சம் வேகமாக நடப்போம்.