சாரையின் எச்சம் சொல்லும் சேதி

சாத்தூரை அடுத்த அச்சங்குளம் வட்டாரத்தில் மானாவாரிக் கரிசல் நிலமே அதிகம். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த மக்காச்சோளமும் பயறு வகைகளும் தை, மாசியில் களத்துக்கு வருகின்றன. தானியம் வந்ததும் எலி வருகிறது. எலியைத் தேடிச் சாரைப்பாம்பு வருகிறது. தட்டைப் படப்பைப் பிரிக்கும்போது, வயிறு புடைத்த பாம்பு ஒன்று நகர மாட்டாமல் கிடப்பதைப் பல விவசாயிகள் பார்த்திருப்பார்கள். உடனே கம்பை எடுப்பதுதான் வழக்கம். அடித்த பிறகு பார்த்தால் வயிற்றுக்குள் இருப்பது பெரும்பாலும் எலிதான். அதாவது, தானியத்தைத் தின்ற எலியைத் தின்ற பாம்பு, தின்ற குற்றத்துக்காகவே சாகிறது.

பாம்பு ஏன் அப்படி அசையாமல் கிடக்கிறது, தின்றது என்ன ஆகிறது, கழிவு எப்படி வெளிவருகிறது என்பவற்றைத் தெரிந்துகொண்டால் இந்த நஷ்டத்தைத் தவிர்க்கலாம்.

செரிமானம் நடப்பது எப்படி?

பாம்புக்கு மெல்லும் பற்கள் கிடையாது. இரையை முழுதாகவே விழுங்குகிறது. பட்டினியாக இருக்கும்போது அதன் குடல் சுருங்கிக் கிடக்கும். இரை உள்ளே போனதும் இரைப்பையில் கடுமையான அமிலம் சுரந்து சதையையும் எலும்பையும் கரைக்கத் தொடங்குகிறது. உள்ளுறுப்புகளுக்கும் அப்போது வேலை அதிகம். பர்மா மலைப்பாம்பில் நடந்த ஆராய்ச்சியில், இரை எடுத்த 48 மணி நேரத்தில் இதயத்தின் எடை சுமார் 40 சதவீதம் கூடுவது 2005ஆம் ஆண்டில் தெரியவந்தது.

பாம்புக்குத் தன் உடம்பில் சூடு உண்டாக்கிக்கொள்ளும் சக்தி இல்லை. வெயிலும் வெதுவெதுப்பான இடமும்தான் அதற்கு அடுப்பு. வெப்பம் இருந்தால் சில நாட்களில் இரை செரித்துவிடும். மார்கழிக் குளிரில் இது தாமதமாகும். குளிர் மிகுந்தால் இரை வயிற்றிலேயே அழுகிப்போய், பாம்பு அதைக் கக்கிவிடும். இரை எடுத்த பாம்பு படப்படியிலும் கல் இடுக்கிலும் கதகதப்புத் தேடிப் படுப்பது இதனால்தான். சீண்டினாலும் இரையைக் கக்கிவிட்டு ஓடப் பார்க்கும். வெளிநாடுகளில் ஆப்பிரிக்கப் பந்து மலைப்பாம்பை வீட்டில் வளர்ப்பவர்கள்கூட, இரை கொடுத்த பிறகு இரண்டு நாட்களாவது அதைத் தொடுவதில்லை.

எச்சத்தை அடையாளம் காணுதல்

மயிரும் நகமும் பாம்பின் வயிற்றில் செரிப்பதில்லை. எலி தின்ற பாம்பின் எச்சம் கருமையான பழுப்பு நிறத்தில், எலி மயிர் திரித்ததுபோல நீளமாக இருக்கும். அதனுடன் சுண்ணாம்புக் கட்டி போன்ற வெள்ளைப் பகுதி ஒட்டியிருக்கும். இந்த வெள்ளைதான் பாம்பின் சிறுநீர்க் கழிவு. தண்ணீரை வீணாக்காமல் இருக்க, பாம்பு அதை யூரிக் அமிலமாகக் கெட்டியாக்கி வெளியேற்றுகிறது. மலம், சிறுநீர், முட்டை எல்லாவற்றுக்கும் அதற்கு ஒரே துவாரம்தான்.

கிட்டங்கியிலோ வரப்பிலோ கிடப்பது யாருடைய எச்சம் என்று இப்படிப் பிரித்தறியலாம்:

கருப்பான எச்சத்தில் மயிரும் வெள்ளைக் கட்டியும் இருந்து எலும்பு அநேகமாக இல்லாவிட்டால், அது எலி தின்ற பாம்பினுடையது. மயிருக்குப் பதில் இறகு இருந்தால், பறவையையோ கோழிக்குஞ்சையோ தின்றிருக்கிறது.

சாம்பல் நிற உருண்டைக்குள் எலியின் மண்டை ஓடும் எலும்புகளும் முழுதாக இருந்தால், அது ஆந்தை கக்கியது. கரைக்க முடியாததை ஆந்தை வாய் வழியாகவே வெளியேற்றிவிடும்.

சின்னப் புழுக்கையின் நுனியில் வெள்ளைப் புள்ளி இருந்தால் பல்லியுடையது. வெள்ளையே இல்லாத, அரிசி போன்ற புழுக்கை என்றால் எலிதான். அங்கே உடனே கவனம் தேவை.

எல்லாப் பாம்பும் ஒரே வேகத்தில் கழிப்பதில்லை. சாரைபோல ஓடியாடி இரை தேடும் ஒல்லியான பாம்புகள் சில நாட்களில் கழித்துவிடும். ஒரே இடத்தில் கிடந்து இரைக்குக் காத்திருக்கும் தடித்த பாம்புகள் மாதக் கணக்கில் அடக்கி வைத்திருக்கும். ஆப்பிரிக்காவின் காபூன் விரியன் ஓர் ஆண்டுக்கும் மேல் அடக்கி வைத்திருந்தது ஆராய்ச்சியில் பதிவாகியுள்ளது.

இந்த அடையாளங்களைப் படிப்பதில் தேர்ந்தவர்கள் இருளர்கள். எச்சம், உரித்த சட்டை, மண்ணில் பதிந்த தடம் ஆகியவற்றைப் பார்த்தே பாம்பு இருக்கும் வளையைக் கண்டுபிடித்துவிடுவார்கள். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978ல் தொடங்கிய அவர்களது கூட்டுறவுச் சங்கம், பாம்பைக் கொல்லாமல் நஞ்செடுத்து, விஷமுறிவு மருந்து தயாரிக்கக் கொடுக்கிறது. இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

சாரைக்கு விஷம் இல்லை. பூனையும் ஆந்தையும் நுழைய முடியாத எலி வளைக்குள் புகுந்து குட்டிகளையும் தின்றுவிடும். ஆனால் படப்படியில் கிடப்பது சாரைதான் என்று தூரத்திலிருந்து உறுதி செய்ய முடியாது. எலி தின்னும் கண்ணாடி விரியனும் அதேபோல அசையாமல் கிடக்கும். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. ஆகவே எந்தப் பாம்பாக இருந்தாலும் நெருங்க வேண்டாம். அந்தப் பக்கத்து வேலையைச் சில நாட்கள் தள்ளிப்போட்டால், இரை செரித்ததும் பெரும்பாலும் தானாகவே போய்விடும். வீட்டுக்குள் இருந்தால் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்ல வேண்டும். பாம்பைப் பிடிப்பதும் கொல்வதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

படப்பைப் பகலில், நீளக் கம்பால் தட்டிய பிறகு, மேலிருந்து பிரிக்க வேண்டும். வெறுங்கையை உள்ளே விடக்கூடாது.

எலி மருந்து வைத்தால், செத்த எலிகளைத் தினமும் பொறுக்கி ஆழமாகப் புதைக்க வேண்டும். துத்தநாக பாஸ்பைடு தின்று செத்த எலியின் வயிற்றில் மிச்ச விஷம் இருக்கும். புரோமடையலோன் எலியின் ஈரலில் தங்கி, அதைத் தின்னும் ஆந்தையையும் பாதிக்கும்.

வேலிக்கு நைலான் மீன்வலை கட்டுவதைத் தவிர்க்கலாம். இரை எடுத்த பாம்பு வயிற்றுப் புடைப்போடு வலைக் கண்ணியில் சிக்கிச் சாகும்.

பாம்பின் எச்சத்தில் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். அதை வெறுங்கையால் தொடாமல் மண்ணோடு அள்ளிப் புதைத்துவிட்டு, சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். எச்சம் பட்ட தானியத்தை நீக்கிவிட வேண்டும்.

பாம்பு கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, 108 ஆம்புலன்ஸை அழைத்து, அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டு போக வேண்டும்.

எலியை ஒழிக்கச் சாரை மட்டும் போதாது. வரப்பை ஒடுக்கிக் கட்டுவதும், வளையை வெட்டி அழிப்பதும், தஞ்சாவூர் கிட்டி வைப்பதும், ஆந்தை உட்காரக் குச்சி நடுவதும் விவசாயியின் வேலை. அந்த வேலையில் சாரை கூலி கேட்காத பங்காளி. அடுத்த முறை களத்தோரம் மயிரும் சுண்ணாம்பும் கலந்த எச்சம் கண்ணில் பட்டால் பதற வேண்டியதில்லை. ஓர் எலி கணக்கில் குறைந்தது என்று பொருள். காலடியில் மட்டும் கவனம் இருக்கட்டும்.