கடலுக்குள் ஒரு நாற்றங்கால்
பவளப் பாறையைத் தத்தெடுக்க வைத்த பாலித் தீவுக் கிராமம்

பாலித் தீவு என்றதும் மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் நெல் வயல்கள்தான் நினைவுக்கு வரும். இந்தோனேசியாவைச் சேர்ந்த அத்தீவில் பாசன நீரைப் பங்கிட்டுக் கொள்ள 'சுபாக்' என்ற உழவர் சங்கங்கள் பல நூறு ஆண்டுகளாக இயங்கி வருகின்றன. ஆனால் தீவின் வடமேற்கே உள்ள பெமுத்தரான் கிராமத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. மழை குறைவு, மண்ணும் வறட்சியானது. மானாவாரியில் விளைந்தது போக மீதி வயிற்றை நிரப்பி வந்தது கடல்தான்.

அந்தக் கடலில் மீன் இருந்ததற்குக் காரணம் கரையோரப் பவளப் பாறைகள். பார்வைக்குக் கல் போலிருந்தாலும் பவளம் உயிருள்ளது. கடுகளவிலிருந்து சுண்டைக்காய் அளவு வரையுள்ள எண்ணற்ற சிற்றுயிர்கள் கூட்டமாக இருந்து, தங்களைச் சுற்றிச் சுண்ணாம்புக் கூடு கட்டிக் கொள்கின்றன. அவற்றின் உடலுக்குள்ளேயே நுண்ணிய பாசி வாழ்ந்து, வெயிலில் உணவு தயாரித்துக் கொடுக்கிறது. கடல் நீரின் சூடு வழக்கமான கோடைச் சூட்டைவிட ஓரிரண்டு டிகிரி கூடிச் சில வாரங்கள் நீடித்தால் போதும், பாசி வெளியேறிப் பவளம் வெளுத்து விடும். சூடு தணியாவிட்டால் பட்டினியால் மடியும்.

1997-98 இல் பெமுத்தரானுக்கு எல்லாத் துன்பங்களும் சேர்ந்து வந்தன. எல் நினோ வறட்சி ஒரு பக்கம். இந்தோனேசிய நாணயம் சரிந்து விலைவாசி ஏறியது மறு பக்கம். மீனவர்கள் வெடி வைத்து மீன் பிடித்தனர். அலங்கார மீன்களை மயக்கிப் பிடிக்கச் சயனைடு விஷத்தையும் நீரில் பீய்ச்சினர். அன்றைய கஞ்சிக்கு வழி கிடைத்தது. மீனின் வீடு நொறுங்கியது. போதாததற்கு 1998 இல் கடல் சூடேறி, எஞ்சிய பவளத்திலும் பெரும்பகுதி வெளுத்தது.

இதைப் படித்து நாம் வியப்படைய இடமில்லை. நம் தூத்துக்குடிக் கடலில் சுண்ணாம்புக்காகவும் கட்டடக் கல்லுக்காகவும் பவளத்தைப் பல காலம் வெட்டி எடுத்தார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரண்டும் நீரில் மூழ்கி விட்டன. பாறை போனால் அலையைத் தடுக்க ஆளில்லை என்பதே இதன் பொருள்.

கரணை நடுவது போல

2000 ஆம் ஆண்டில் டாம் கோரோ என்ற கடலியல் நிபுணரும், வுல்ஃப் ஹில்பெர்ட்ஸ் என்ற கட்டடக் கலைஞரும் பெமுத்தரான் மக்களுடன் சேர்ந்து வேலையைத் தொடங்கினர். 'காராங் லெஸ்தாரி' என்பது திட்டத்தின் பெயர். இரும்புக் கம்பியை வளைத்துப் பந்தல் போலக் கட்டிக் கடலடியில் இறக்கினர். கரையிலிருந்து அதற்குக் குறைந்த அழுத்த மின்சாரம் செலுத்தப்படுகிறது. ஆளைத் தாக்கும் அளவு அதற்கு வேகம் கிடையாது. மின்சாரம் பாயப் பாய, கடல் நீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்து கம்பியின் மேல் வெள்ளையாகப் படிகிறது. கம்பியும் துருப்பிடிப்பதில்லை.

அடுத்த வேலை விவசாயிகளுக்குப் புதிதன்று. கரும்புக் கரணையும் முருங்கைப் போத்தும் எப்படியோ, பவளத்தின் ஒடிந்த கிளையும் அப்படியே. அலையாலும் நங்கூரத்தாலும் முறிந்து மணலில் கிடக்கும் உயிர்த் துண்டுகளைப் பொறுக்கி வந்து பந்தலில் கட்டி விடுகிறார்கள். சில வாரங்களில் அது கம்பியைப் பற்றிக் கொள்கிறது. மான்கொம்பு போலக் கிளைக்கும் வகை ஆண்டுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் நீளும். உருண்டை வகையோ ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் அதிகம். நாற்று விட்டவர் காய் பறிப்பது உறுதியில்லை. தென்னை வைப்பதைவிடப் பொறுமை வேண்டும்!

இத்தனைக்கும் பணம்? கம்பி, கேபிள், மின் கட்டணம், ஆள் கூலி என்று செலவு ஓய்வதில்லை. அங்குள்ள விடுதிக்காரர்கள் ஒரு பங்கைக் கொடுத்தனர். பிறகு வந்ததுதான் தத்தெடுப்பு. ஒருவர் தொகை கட்டினால் அவருக்காக ஒரு பவளக் குஞ்சு பந்தலில் கட்டப்படும். அவர் பெயரைக் கம்பியில் வளைத்து அருகிலேயே பொருத்துகிறார்கள். நாளடைவில் அந்தப் பெயரின் மேலும் சுண்ணாம்பு படிந்து விடுகிறது. பவளத்தின் படமும் அவருக்குப் போய்ச் சேருகிறது. தாத்தா பெயரில் கோவிலுக்கு விளக்கு உபயம் செய்வது போல என்று வைத்துக் கொள்ளலாம். கடலையே பாராத ஊர்க்காரர்கூடப் பங்குதாரர் ஆகிறார்.

களையும் காவலும்

நட்டுவிட்டு வந்தால் பயிர் விளையுமா? பவளத்தைத் தின்னும் நத்தைகளும், முள் நிறைந்த ஒருவகை நட்சத்திர மீனும் வந்து விழும். கத்தரியில் புழு பொறுக்குவது போல முக்குளித்துக் கையால் பொறுக்குகிறார்கள். அறுந்த கேபிளை ஒட்ட வேண்டும். புயலில் சாய்ந்த பந்தலை நிமிர்த்த வேண்டும்.

காவல்தான் முக்கியம். பாலியில் கோவில் திருவிழாக்களில் ஒழுங்கு காக்கும் ஊர்க் காவலர்களுக்குப் 'பெச்சாலாங்' என்று பெயர். அதே மரபில் கடலுக்கும் காவலர்களை ஏற்படுத்தினர். வெடியும் விஷமும் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு ஆயிற்று. சர்க்கார் சட்டத்துக்கு அஞ்சாதவர்களும் ஊர் வார்த்தைக்கு அஞ்சினர். மீன்கள் திரும்பின, அவற்றைப் பார்க்க முக்குளிக்கும் பயணிகளும் வந்தனர். படகு ஓட்டுவதிலும் விடுதி வேலையிலும் கிராமத்தார் பலருக்குப் பிழைப்புக் கிடைத்தது. 2012 இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் 'ஈக்வேட்டர்' பரிசு இத்திட்டத்துக்கு வழங்கப்பட்டது.

மின்சாரத்தால் பவளம் வேகமாக வளர்கிறது என்பதை எல்லா விஞ்ஞானிகளும் ஒப்புக் கொள்ளவில்லை. தூத்துக்குடியில் 2002 இல் தொடங்கிய நடவு முயற்சி மின்சாரம் இல்லாமலேயே, சிமெண்ட் சட்டங்களின் மேல் துண்டுகளைக் கட்டி நடந்தது. எந்த முறையானாலும் கடல் கொதிக்கும் ஆண்டில் தத்தெடுத்த பவளமும் வெளுக்கத்தான் செய்யும். 2016 இல் மன்னார் வளைகுடாவில் அதுதான் நடந்தது. அப்படிப்பட்ட ஆண்டு கழிந்ததும் மடிந்த துண்டுகளைக் கழற்றிவிட்டு, சூட்டைத் தாங்கி நின்ற பவளத்திலிருந்து கிளை எடுத்து மறுபடியும் கட்டுகிறார்கள்.