வலுவின்மையிலே விளங்கும் வல்லமை



எங்கள் கரம்பொன்னை அடுத்துள்ள ஊர்காவற்றுறைக் கரையில் நிற்போர், கடல் நடுவே ஒரு கோட்டையைக் காண்பர். போர்த்துக்கேயர் எழுப்பிய அதனை ஒல்லாந்தர் கைப்பற்றி ஆண்டனர். வலிமை என்றதும் நம் மனம் இத்தகைய மதில்களையும் பீரங்கிகளையுமே எண்ணுகின்றது. கிறிஸ்தவ சமயமோ வலிமைக்கு வேறோர் இலக்கணம் கூறுகின்றது.

பவுலடிகள் எனவும் வழங்கப்பெறும் புனித சின்னப்பர், கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் 12ஆம் அதிகாரத்தில், தம் உடலில் தைத்த முள்ளொன்றைக் குறிப்பிடுகின்றார். அது நோய் என்பர் சிலர். பகைவரின் தொல்லை என்பர் வேறு சிலர். அதனை நீக்குமாறு அவர் மும்முறை இறைவனை மன்றாடினார். முள் நீங்கவில்லை, அதனைத் தாங்குதற்குரிய அருள் கிட்டிற்று. அருளாவது நம் தகுதிக்குக் கிடைக்கும் கூலியன்று. இறைவன் தாமாக வழங்கும் கொடை. திருவருள் என்னும் சொல்லைப் போற்றும் சைவ நேயர்க்கு இக்கருத்துப் புதிதன்று.

இவ்வுண்மை நம் யாழ்ப்பாண மண்ணிலேயே ஒருவரது வாழ்வில் விளங்கிற்று. 1658ஆம் ஆண்டு ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின், கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். குருவுக்குப் புகலிடம் அளிப்போர்க்கு மரணதண்டனை என்றும் கட்டளை பிறந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மக்கள் மறைவிலேயே தம் சமயத்தைப் பேணினர்.

அந்நிலையில், 1651இல் கோவா நாட்டிற் பிறந்த யோசேவ் வாஸ் அடிகளார், 1687இல் ஏழைத் தொழிலாளியின் கோலத்தில் இங்கு வந்து சேர்ந்தார். வந்தவர் வயிற்றுளைவு நோயினால் மிக மெலிந்திருந்தார். கையிற் பொருளில்லை, துணைக்கு ஊழியர் ஒருவரேயன்றி எவருமில்லை. உடல் தேறியபின், கழுத்தில் செபமாலை அணிந்து வீடுவீடாகப் பிச்சை ஏற்றார். செபமாலையைக் கண்டதும் எவர் முகம் மலர்கின்றதென நோக்கி, மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரை அறிந்துகொண்டார் என்பது மரபு.

இங்கே நாம் சிந்திக்கவேண்டியது ஒன்றுண்டு. அவர் பரிவாரத்தோடு வந்திருப்பின், கரையிலேயே காவலர் கையில் அகப்பட்டிருப்பார். இரவலன் செல்லாத வாசலில்லை, அவனை ஐயுறுவாருமில்லை. அவரது வறுமையே அவருக்கு வழிவிட்டது. அதுமட்டுமன்று, அஞ்சி ஒடுங்கியிருந்த மக்கள், தம்மினும் மெலிந்த ஒருவரைக் காக்க முற்பட்டபோது, தம் உயிரையும் பொருட்படுத்தாத துணிவு பெற்றனர். சில்லாலை அவருக்குப் புகலிடமாயிற்று.

1692இல் கண்டிக்குச் சென்ற அடிகளார், போர்த்துக்கேய ஒற்றர் என்னும் ஐயத்தினாற் சிறையிடப்பட்டார். அச்சிறையிலும் சிங்களம் கற்றார். 1697இல் கண்டியிலே பெரியம்மை பரவியபோது, உற்றாரும் கைவிட்ட நோயாளரை அவரும் அவருடைய மருகராகிய குருவானவரும் பேணினர். நோயின் தனிமையைத் தாமே அறிந்தவர் அவர். 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் கண்டியில் மறைந்த அவரை, 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார்.

எனினும் நேயர்களே, வலுவின்மை தன்னளவில் ஒரு சிறப்பு என்று கொள்ளுதல் தவறு. நோயுற்றார் மருந்துண்ணல் வேண்டும்; வறியார் உழைத்து உயர்தல் வேண்டும்; பிறர் செய்யும் கொடுமையை ‘இது உன் சிலுவை’ என்று எளியார்மேற் சுமத்துதலும் ஆகாது. சின்னப்பரும் தம் துன்பம் நீங்க வேண்டினாரன்றி வாளாவிருந்தாரல்லர். நீக்க இயன்றதை நீக்கியபின்னும் எஞ்சி நிற்கும் குறையைப் பற்றியே நாம் பேசுகின்றோம்.

அக்குறையை மறைக்க முயல்வோர் தம் ஆற்றலை அதிலேயே செலவிடுவர். பள்ளியிலும், ‘எனக்கு விளங்கவில்லை’ என்று எழுந்து கூறும் மாணவனுக்கே ஆசிரியன் மீண்டும் விளக்க முடியும். ‘என்னால் இயலவில்லை’ என்று இறைவன் முன் ஒப்புக்கொள்பவனும் அத்தகையோனே. அவன் உதவி கேட்கக் கூசான். பிறர் குறையை இகழவும் மாட்டான்.

நோய்ப்படுக்கையிலோ, முதுமையிலோ, இழப்பின் துயரிலோ இருந்து இவ்வுரையைக் கேட்கும் அன்பர்கள் உளராயின், அவர்கட்கு ஒன்று கூற விழைகின்றேன்: இன்றைக்கு வேண்டிய அருளை இன்று கேளுங்கள், அயலார் நீட்டும் கையையும் அவ்வருளின் ஒரு பகுதியாகவே பற்றிக்கொள்ளுங்கள்.